இண்டிபேரு இல்லாதவர்களின் பால்

போன மாதம் வீடு மாற்றினோம். திருப்பதிக்குள்ளேயே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குத்தான். ஆனாலும் பரண் பரண்தான், தூசி தூசிதான். பரணிலிருந்து இறங்கிய ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், பழைய தெலுங்குச் செய்தித்தாளில் சுற்றியபடி, உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை சர்க்யூட் போர்டு கிடைத்தது. "இதெல்லாம் இன்னும் எதுக்கு?" என்றாள் மனைவி. பதில் சொல்வதற்குள் நான் அதை மூக்கருகே கொண்டுபோயிருந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் லேசாகப் புளித்த பால் வாசனை. என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். மனைவி மோந்து பார்த்துவிட்டுத் தூசி வாசனைதான் வருகிறது என்றாள்.

பால் சேகரிப்பு நிலையம் என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருமோ தெரியாது. எனக்கு ஈரச் சிமெண்டுத் தரை, அலுமினியக் கேன்கள் உரசும் சத்தம், தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் பெண்கள், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு அந்த வாசனை. சித்தூர் மாவட்டத்தில் மாடு இல்லாத ஊர் அப்போது குறைவு. நான் பார்த்த முதல் வேலை அந்த நிலையங்களில் வைக்கும் மெஷினுக்கு மென்பொருள் எழுதுவது. பாலை ஊற்றினால் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து, கொண்டுவந்தவர் பெயரோடு ஒரு சீட்டு அச்சடித்துத் தரும் மெஷின். நாராயணவனத்தில் எங்கள் சொந்தக்காரர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று பெருமையாகச் சொல்லிவைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்துவார். "கம்ப்யூட்டராடா, கறவையாடா? சட்டைய கழட்டி அங்கியே போடு, கவுச்சி அடிக்குது."

கம்பெனி என்பது கபிலதீர்த்தம் போகும் சாலையில் மாடியில் இரண்டு அறை. கீழே மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். மேலே நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்போம். நாங்கள் என்றால் நானும் முனிரத்தினமும். அவன் நகரிக்காரன், எனக்கு ஒரு வயது மூத்தவன். மெஷினின் முதல் மென்பொருளை முழுக்க எழுதியவன் அவன்தான். பழைய போர்டில் நினைவகம் மிகக் குறைவு, ஒரு எழுத்துக்கான இடம் வீணானாலும் அவனுக்குப் பொறுக்காது. தரவுகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கி நெருக்கி அடுக்குவான். புத்தூர் பஸ்ஸில் நடத்துநர் "சர்துகோண்டி, சர்துகோண்டி" என்று கத்திக்கொண்டே ஆளை நெருக்கி உட்காரவைப்பாரே, அதே சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் தட்டச்சு செய்வான். எங்கள் எல்லைத் தமிழில் அந்தச் சொல் எப்போதோ கலந்துவிட்டது. இடம் கொடுத்து, வளைந்து, வாயைத் திறக்காமல் சமாளித்துக்கொள்வது எல்லாமே எங்களுக்குச் சர்துகோதான்.

பெயர் விஷயத்தில் அவன் ஒரு வேலை செய்திருந்தான். அதைச் சொல்ல இண்டிபேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெலுங்குக் குடும்பங்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, அதுதான் இண்டிபேரு. தமிழர்களுக்கு அது கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்து, அதாவது இனிஷியல், அவ்வளவுதான். பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் என்னை, "நீ இண்டிபேரு ஏமிட்ரா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். இண்டிபேரு இல்லாத மனிதன் எப்படி இருக்க முடியும் என்று அவருக்குக் கவலை. ஊர்ப்பெயரையே எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அரசாங்கத்துக்கு என் குடும்பத்தின் பெயர் நாராயணவனம். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பள்ளிக்கூடம் போன முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஏதோ ஒரு வாத்தியார் ஒட்டவைத்த இண்டிபேரு இருக்கும். முனிரத்தினத்துக்கு அப்படி யாரும் ஒட்டவைக்கவில்லை, இனிஷியல் மட்டும்தான்.

முதலில் மெஷினும் அந்த வாத்தியாரைப் போலத்தான் இருந்தது. இண்டிபேரைப் பட்டியலில் தேர்ந்தெடுக்காவிட்டால் மேலே போகாது. நிலையத்தில் இருப்பவர்கள் இண்டிபேரு இல்லாதவர்களுக்குக் கைக்கு வந்த ஏதோ ஒன்றை அமுக்கிவிடுவார்கள். ஒரு நாள் முனிரத்தினம் ஊரிலிருந்து அவன் அப்பாவின் பால் சீட்டோடு வந்தான். முகம் சிவந்திருந்தது. "எங்க நைனாவுக்கு யாரோ ஊட்டு பேர போட்டுக்கினான்பா. அந்தாளு அத வச்சிக்கினு சிரிச்சிக்கினு கீறாரு. எனக்குத்தான் வயிறு எரியுது." அன்றே ஒரு விதி எழுதினான். இண்டிபேரு இருந்தால் அதன் எண், அதற்கு நான்கு இடம். இல்லாவிட்டால் இனிஷியல், அதற்கு ஒரே ஒரு இடம். அதை ஒட்டியே பாலின் கொழுப்பு அளவு. எனக்குத் தெரிந்து, இனிஷியலை மதித்த முதல் ஆந்திர மெஷின் அதுதான். நாங்கள் இருவரும் கீழே போய் டீ குடித்துக் கொண்டாடினோம்.

பிறகு பழைய ப்ராசஸர் சந்தையில் கிடைக்காமல் போயிற்று. வேறு வகைப் புதிய ப்ராசஸருக்கு மென்பொருளை மாற்ற வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. பெரும்பாலும் சுமுகமாகவே போனது, நானும் கொஞ்சம் மிதப்பில் இருந்தேன். மறுநாள் பதினோரு மெஷின்கள் வண்டியேற வேண்டும். முனிரத்தினம் அவனுடைய அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகச் சித்தூர் போயிருந்தான். கடைசிச் சோதனைக்கு நாற்பது பெயர்களை வரிசையாக ஓட்டினேன். முதல் பெயர் என்னுடையது, நன்றாக ஓடியது. முனிரத்தினம் பெயர் வந்ததும் மெஷின் அப்படியே நின்றுவிட்டது. அவன் பெயரை எடுத்தால் ஓடுகிறது, திரும்பப் போட்டால் விழுகிறது. ஊரில் இல்லாதபோதும் காரியத்தைக் கெடுக்கிறான் பார் என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. ஏன் அவன் பெயருக்கு மட்டும் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். நான் செய்தது வேறு. புதிய ப்ராசஸரின் கையேட்டைப் புரட்டினேன். தரவு அதற்குரிய எல்லையில் உட்காராவிட்டால் நின்றுவிடுவதா, நிற்காமல் போவதா என்று ஒரு அமைப்பு இருந்தது. நிற்காமல் போ என்று மாற்றினேன். மெஷின் நிற்கவில்லை. நாற்பது பெயரும் ஓடின. எங்கள் மேசையில் இருந்த போர்டில் ஒரு சின்னத் திரை உண்டு, அளந்ததைப் பெயரோடு அடுக்குவதற்கு முன்பே நேராகக் காட்டுவது, அதில் பாலின் அளவு சரியாகவே தெரிந்தது. அச்சு இயந்திரத்தில் காகிதச் சுருள் தீர்ந்திருந்தது. சுருள் வாங்கக் கீழே கடை வரைக்கும் போகச் சோம்பல். ஊர்களுக்குப் போகும் மெஷினில் திரையே கிடையாது, சீட்டு மட்டும்தான் என்பது எனக்குத் தெரியாததில்லை. பல வருஷம் கழித்து அதே கையேட்டை மறுபடி பார்த்தேன். சிதறியிருப்பதைத் தேடிச் சேர்த்துச் சரியாகக் கொடு என்று மூன்றாவதாக ஒரு அமைப்பும் இருந்திருக்கிறது. அது அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து, குடிபாலா பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு நிலையத்திலிருந்து போன் வந்தது. அங்கே பொறுப்பில் இருந்த செக்ரட்ரி தெலுங்குக்காரர், நிதானமான மனிதர். அன்று அவர் குரல் சரியாக இல்லை. "ஆவு ஈடனே உண்டாதி சார். பாலு ஈடனே பிண்டிந்தி. நீள்ளு எப்புடு கலிபிந்தி?" என்றார். மாடு இங்கேயே நிற்கிறது, பாலை இங்கேயே கறந்தாள், தண்ணீரை எப்போது கலந்தாள் என்று என்னிடம் கேட்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று சாயங்காலப் பாலுக்கு வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு, முனிரத்தினமும் நானும் அவன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம்.

போன பிறகுதான் கதை தெரிந்தது. அந்த நிலையத்துக்கு ஊரின் கிழக்குத் தெருவிலிருந்து ஐந்து வீட்டுப் பால் வந்துகொண்டிருந்தது. நிலமில்லாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்கள். அப்போதுதான் ஆளுக்கு ஒரு மாடு வாங்கியிருந்தார்கள். முதல் நாளிலிருந்தே அந்த ஐந்து வீட்டுச் சீட்டிலும் அளவுக்குப் பதிலாக 'நீள்ளு' என்று அச்சாகி வந்தது. தண்ணீர் கலந்த பால் என்று அர்த்தம். மற்றவர்களுக்கு ஒழுங்காக அளவு வந்தது. ஐந்து வீடும் ஒரே தெரு என்பதால் ஊருக்கு மெஷின் மேல் சந்தேகமே வரவில்லை. நான்கு வீட்டுக்காரர்கள் பால் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். கன்னியம்மா என்ற ஒருவர் மட்டும் நிறுத்தவில்லை. தினமும் இரண்டு வேளையும் வருவார், ஊற்றுவார், தண்ணீர் என்ற சீட்டை வாங்கிக்கொண்டு போவார். அன்று காலையில் மாட்டையே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லோர் முன்னாலும் கறந்து ஊற்றினார். அப்போதும் தண்ணீர் என்றுதான் வந்தது.

சாயங்காலம் எங்களுக்காக மறுபடியும் கறந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். மாடு புது இடத்தில் மிரண்டு காலை மாற்றி மாற்றி வைத்தது. அதன் தொடையில் நெற்றியை முட்டுக்கொடுத்து, யாரையும் பார்க்காமல் கறந்தார். வரிசையில் நின்ற பெண்கள் தூக்குவாளிகளைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செக்ரட்ரி பாலை மெஷினில் ஊற்றினார். சீட்டு வந்தது. நீள்ளு.

யாரும் சிரிக்கவில்லை. கன்னியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"எங்க தெருவுல ஒரு கைக்கொழந்த கீது சார். அதும் அம்மாக்கு பாலு இல்ல. தெனம் அரை செம்பு நான்தான் குடுத்துக்கினு இருந்தேன். போன வாரம் அந்தப் பொண்ணு வந்து, அக்கா, கொழந்தைக்கு வேணாம்க்கா, வவுத்துக்கு ஆவாதுன்னு சொல்லிட்டு போவுது. மெஷினு எத வேணா சொல்லட்டும் சார். அது சொன்னது தாங்கல எனக்கு."

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "மெஷின்ல உங்க பேரு எப்படிம்மா போட்ருக்காங்க?" என்றேன்.

"எம். கன்னியம்மா. எங்க நைனா பேரு முனுசாமி."

"இண்டிபேரு?"

"அதெல்லாம் இஸ்கூலுக்கு போனவங்களுக்குதான் சார். எங்களுக்கு யாரு வைப்பாங்க?"

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முனிரத்தினத்துக்கும் விளங்கியது. அவன் மெதுவாக என் பக்கம் திரும்பி, "நின்னுதா?" என்று கேட்டான். "என் பேருக்கு நின்னுதா?" நான் தலையாட்டினேன்.

நடந்தது இதுதான், பொறுமையாகக் கேளுங்கள். நான்கு நான்கு பேர் உட்காரும் இருக்கைகள் உள்ள ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நால்வர் கொண்ட ஒரு குடும்பம் சேர்ந்து இறங்க வேண்டும். முதல் இடத்தில் முன்பே ஒரு ஒற்றை ஆள் உட்கார்ந்துவிட்டால், குடும்பத்தில் மூன்று பேர் அதே இருக்கையிலும் நான்காவது ஆள் பின்னிருக்கையிலும் உட்கார நேரும். பழைய ப்ராசஸர் எங்கள் புத்தூர் பஸ் நடத்துநரைப் போல. எங்கே உட்கார்ந்திருந்தாலும் தேடிப் பிடித்து நால்வரையும் சேர்த்து இறக்கிவிடும். புதியது ஓர் இருக்கையை மட்டும்தான் பார்க்கும். அதில் இருக்கும் நால்வரையும் இறக்கிவிட்டுப் போய்விடும். ஒற்றை ஆளும் குடும்பத்தோடு இறங்கிவிடுவார், குடும்பத்தில் ஒருவர் பஸ்ஸிலேயே போய்விடுவார். பாலின் அளவு அந்தக் குடும்பம். ஒற்றை ஆள் இனிஷியல். கன்னியம்மாவின் அப்பாவுடைய எழுத்து பாலின் கணக்குக்குள் நுழைந்து, அதிலும் மிகப் பெரிய இலக்கத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால், உலகத்திலேயே கெட்டியான பால் அவருடையது என்றுதான் மெஷின் நினைத்தது. ஆனால் எல்லைக்குள் வராத எதையும் தண்ணீர் என்று அச்சடி என்று முனிரத்தினம் எழுதியிருந்தான். எல்லைக்கு மேலே போகும் பால் எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்திருந்தான்.

முதலில் மெஷின் நின்றதே, அது நியாயமாக நின்றது. எனக்குத் தெரியவில்லை, இதற்கு மேல் போகமாட்டேன் என்று சொன்னது. நான்தான் அதன் வாயைப் பொத்தி அனுப்பினேன்.

அங்கேயே உட்கார்ந்து திருத்தினோம். முனிரத்தினம், "இனிஷியலுக்கு பின்னால மூணு இடம் காலியா உடு. சர்துகோன்னதெல்லாம் போதும்" என்றான். மூன்று வெற்றிடம், அவ்வளவுதான் மருந்து. மறுபடி ஊற்றியபோது சீட்டில் நான்கு புள்ளி ஆறு என்று வந்தது. அன்று வரிசையில் இருந்தவர்களில் அதுதான் அதிகம். செக்ரட்ரி எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "தப்பு ஐபோயிந்தி அம்மா" என்று கைகூப்பினார். அவர் செய்யாத தப்புக்கு.

கன்னியம்மா என்னைப் பார்த்தார். நான், "மெஷின் தப்பும்மா" என்றேன்.

"மெஷினு சொன்னப்ப ஊரே நம்புச்சி சார். நான் சொன்னப்ப ஒர்த்தரும் நம்பல. இப்பவும் மெஷினு சொல்லித்தான் நம்புறாங்க." சீட்டை வாங்கிக்கொள்ளாமலே மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் முனிரத்தினம் சித்தூரில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்திய பிறகு, "மெஷினாபா தப்பு?" என்றான். மறுநாள் மீதிப் பத்து மெஷின்களையும் திருத்த ஆளுக்குப் பாதியாக ஊர் ஊராக அலைந்தோம். அலுவலகப் பதிவேட்டில் அவன் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: நான் தரவை அடுக்கிய முறையில் பிழை. என் பெயர் எங்கும் இல்லை. ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். "ரெண்டு பேரும் சேந்து செஞ்சது. ஒர்த்தன் பேரு போதும்" என்றான். பிறகு சென்னைக்குப் போனான். கொஞ்ச நாள் போன், அப்புறம் பொங்கல் வாழ்த்து, அப்புறம் அதுவும் இல்லை. என்னிடம் உள்ள எண்ணில் இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள்.

வீடு மாற்றி முடித்த வாரம் குடிபாலா பக்கம் போனேன். என்ன சொல்லப்போகிறேன் என்று பஸ்ஸில் இரண்டு மூன்று விதமாக ஒத்திகை பார்த்துக்கொண்டேன். இருபது வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போகிறவன் ஒத்திகை பார்ப்பதைவிட அசட்டுத்தனம் வேறு இல்லை. நிலையம் இருந்த கட்டிடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. செக்ரட்ரி பிள்ளையோடு பெங்களூருக்குப் போய்விட்டாராம். கிழக்குத் தெருவில் சிமெண்ட் சாலை, நல்ல வீடுகள். ஒரு மாடு கூட இல்லை. இன்றைய ப்ராசஸர்களும் மாறிவிட்டன. எல்லை தாண்டிக் கிடக்கும் தரவை அவையே தேடிச் சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன. என் அலுவலகத்தில் பாதிப் பேர் இந்தப் பிழையைக் கேள்விப்பட்டதே இல்லை.

கன்னியம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவருடைய மருமகள்தான் வீட்டில் இருந்தாள். முன்பு பால் மெஷின் கம்பெனியில் வேலை பார்த்தவன், அம்மாவைத் தெரியும் என்றேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை கெட்டி.

"தண்ணி ஊத்த மாட்டோம் சார்" என்றாள், கொஞ்சம் வெட்கப்பட்டு. "பாக்கெட்டு பாலுதான். அத்த இருந்த வரிக்கும் பாலு கிட்ட தண்ணிய கொண்டாரவே உட மாட்டாங்க. பசங்க பாலுக்குகூட. ஏன்னு கேட்டா ஒன்னும் சொல்ல மாட்டாங்க. அவங்க போயும் எனக்கு கை வரல."

டம்ளரைக் கீழே வைத்தேன். ஒத்திகை பார்த்தது எதுவும் நினைவில் இல்லை. "அம்மா மேல தப்பு இல்லம்மா" என்றேன். "அந்த மெஷின்ல தப்பு செஞ்சது நான்தான். அன்னைக்கு அவங்ககிட்ட சொல்லல."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எந்த மெஷினு சார்?" என்றாள்.